சமஷ்டியின் சொத்தும் ராஜ்யத்தின் வரியும்

ஐதராபாத்தின் வடகிழக்கே, காப்ரா வட்டாரத்தில், ஈ.சி.ஐ.எல். நாற்சந்தியை அடுத்துப் பரந்து கிடக்கும் ஏ.எஸ்.ராவ் நகர், அணுசக்தி இலாகாவின் கீழ் 1967-ஆம் ஆண்டில் தோன்றிய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷன் ஆஃப் இந்தியா (ஈ.சி.ஐ.எல்.) என்னும் ஸ்தாபனத்தை நிறுவி வளர்த்த டாக்டர் அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கி நிற்பது. ஹோமி பாபாவோடு சேர்ந்து உழைத்த அந்த விஞ்ஞானியின் ஸ்தாபனம் 1969-இல் டி.டி.சி.-12 என்னும் கணிப்பொறியை நாட்டுக்கு அளித்ததையும், இன்று தேர்தல்தோறும் நம் விரல் படும் வாக்குப்பதிவு இயந்திரங்களைச் செய்து தருவதையும் பலர் அறிவர். ஆனால் அது நிற்கும் நிலத்தின்மீது ராஜ்ய சர்க்கார் விதித்த ஒரு வரியைப் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்று, 1999-ஆம் ஆண்டில் முடிவு கண்டதையும், அவ்வழக்கின் வேர் 1819-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு அளித்த ஒரு மகத்தான தீர்ப்பில் இருப்பதையும் அறிந்தவர் மிகச் சிலரே.

ஒரே நிலப்பரப்பில், ஒரே மக்கள்மீது, இரண்டு சர்க்கார்கள் தத்தம் எல்லைக்குள் பூரண அதிகாரத்தோடு ஆட்சி நடத்துவதே சமஷ்டி முறையாயின், அவற்றுள் ஒன்றின் சொத்தின்மீதும் தொழிலின்மீதும் மற்றொன்று வரி விதிக்கலாமா என்ற கேள்வி எழாமல் இராது. வரி கூடாது என்றால், தன் சாலையையும் தண்ணீரையும் காவலையும் கொடுத்துத் தாங்கும் ராஜ்யம் அதற்குரிய பங்கைப் பெறாமல் போகிறது. வரி கூடும் என்றால், தேசம் முழுவதற்கும் பொதுவான ஒரு காரியத்தை ஏதோ ஒரு ராஜ்யம் தன் மனம்போல் நசுக்கிவிடக் கூடுமென்ற அச்சம் பிறக்கிறது. இவ்விரண்டு நியாயங்களுக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே விழவேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காங்கிரஸ், முதல் பாங்கின் சாசனம் 1811-இல் காலாவதியாகி, அதையடுத்து வந்த யுத்தத்தினால் நாட்டின் நாணய நிலைமை சீர்குலைந்த பிறகு, 1816-ஆம் ஆண்டில் மூன்றரைக் கோடி டாலர் மூலதனத்தோடு இரண்டாவது தேசிய பாங்கை ஏற்படுத்தியது. அம்மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கே சர்க்காருடையது. எஞ்சியது தனி மனிதர்களின் பணம் என்பதை வாசகர் இங்கே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பின்னால் அது பெரிய விஷயமாகப் போகிறது. பால்டிமோர் நகரில் அப்பாங்கு ஒரு கிளையைத் திறந்தது. மேரிலாந்து ராஜ்யத்தின் சட்டசபை, தன் சாசனம் பெறாத எந்தப் பாங்கும் ராஜ்யம் விற்கும் முத்திரைத் தாளில் மட்டுமே நோட்டுகளை வெளியிட வேண்டும், இல்லையேல் ஆண்டுக்கு 15,000 டாலர் முன்பணமாகச் செலுத்திவிட வேண்டும், மீறினால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 500 டாலர் அபராதம் என்று 1818 பிப்ரவரியில் சட்டம் இயற்றியது. கிளையின் காசாளரான ஜேம்ஸ் மக்கலக் முத்திரையில்லாத தாளிலேயே நோட்டு கொடுத்தார், வழக்குத் தொடரப்பட்டது, மேரிலாந்தின் நீதிமன்றங்கள் இரண்டும் ராஜ்யத்தின் பக்கமே தீர்ப்பளித்தன.

மேல்முறையீடு வாஷிங்டனில் ஒன்பது நாட்கள் வாதிக்கப்பட்டது. பாங்குக்காக டேனியல் வெப்ஸ்டரும் வில்லியம் பிங்க்னியும் அட்டர்னி ஜெனரல் வில்லியம் வெர்ட்டும், மேரிலாந்துக்காக அரசியல் சாசன மகாசபையிலேயே அங்கத்தினராக இருந்த முதியவர் லூதர் மார்ட்டினும் பேசினார்கள். வாதம் முடிந்த மூன்றே தினங்களில், 1819 மார்ச் 6-ஆம் தேதி, பிரதம நீதிபதி ஜான் மார்ஷல் நீதிபதிகள் அனைவரின் ஒருமித்த தீர்ப்பை வாசித்தார். பாங்கு ஏற்படுத்தும் அதிகாரம் சாசனத்தில் எழுத்தால் கூறப்படாவிட்டாலும், கூறப்பட்ட அதிகாரங்களை நிறைவேற்றுவதற்கு ஏற்ற சாதனமாக அது அடங்கியிருக்கிறது என்பது அத்தீர்ப்பின் முதற்பாகம். வரி விதிக்கும் அதிகாரத்துக்குள் அழிக்கும் அதிகாரமும் அடங்கியிருப்பதால், தேசத்தின் கருவியொன்றின்மீது ராஜ்யம் வரி விதிக்க இயலாது என்பது இரண்டாம் பாகம்.

அழிக்கும் அதிகாரம் என்ற அந்த வாசகம் உலகப் பிரசித்தி பெற்றுவிட்டது. அதனாலேயே அதற்கு அடிப்படையான தர்க்கம் மறைந்துபோயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. மார்ஷல் உண்மையில் ஊன்றிச் சொன்னது பிரதிநிதித்துவத்தைப் பற்றியதாகும். ஒரு சட்டசபை தன்னைத் தேர்ந்தெடுத்த மக்கள்மீது வரி விதிக்கும்போது, வரியின் பாரம் தங்கள் தலையிலேயே விழுவதால் அம்மக்களே அதற்குக் கடிவாளமாக இருக்கிறார்கள். காங்கிரஸ் ராஜ்யங்களின் பாங்குகள்மீது வரி விதித்தால் அங்கே எல்லா ராஜ்யத்தாரும் பிரதிநிதித்துவம் பெற்றிருக்கிறார்கள். மேரிலாந்தின் சட்டசபையோ தேசம் முழுவதன் கருவிமீது வரி போடும்போது, அந்தத் தேசத்தார் அச்சபையில் இல்லை, தடுக்க அவர்களுக்கு வழியும் இல்லை. பகுதி முழுமையின்மீது வரி விதிப்பதில் உள்ள அநியாயம் இதுதான்.

இந்தத் தர்க்கத்தைப் பற்றிக்கொண்டு படித்தால்தான், தீர்ப்பின் கடைசிப் பாராவில் மார்ஷல் அமைதியாகச் சேர்த்த ஒரு விலக்கின் பெருமை விளங்கும். பாங்கின் நிலமும் கட்டடமும், அந்த ராஜ்யத்திலுள்ள பிற நிலங்களோடும் கட்டடங்களோடும் சேர்ந்து பொதுவாகச் செலுத்தும் வரியைத் தம் தீர்ப்பு தடுக்கவில்லை என்றும், பாங்கில் மேரிலாந்துக் குடிகள் வைத்திருக்கும் பங்குகளின்மீது அதே வகைப் பிற சொத்துக்களோடு சமமாக விதிக்கப்படும் வரியையும் தடுக்கவில்லை என்றும் அவர் எழுதினார். நிலவரி உயர்ந்தால் உள்ளூர்க் குடியானவனும் வியாபாரியும் வீட்டுக்காரனும் கூடவே பொறுக்க வேண்டியிருப்பதால், அண்டை வீட்டாரின் சட்டைப்பையே பாங்குக்குக் காவலாக நிற்கிறது. தனியே பொறுக்கி எடுத்து விதித்த வரி கொலைக்கருவியாகலாம். எல்லோரோடும் சமமாக விதித்த வரி அவ்வாறு ஆவது அரிது. என் அபிப்பிராயத்தில் அந்தத் தீர்ப்பில் பிற்காலத்துக்கு மிகவும் பயன்பட்டிருக்க வேண்டிய பாகம் இதுவே. மேற்கோள் காட்டுவோர் மிகக் குறைவாகத் தொட்ட பாகமும் இதுவே.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1824-இல், மார்ஷல் இதே விஷயத்துக்கு இருமுறை திரும்பினார். ஓஹையோ ராஜ்யம் ஒவ்வொரு கிளைக்கும் 50,000 டாலர் வரி விதித்து, 1819 செப்டம்பரில் அதன் அதிகாரிகள் சில்லிகாத்தி நகரக் கிளைக்குள் புகுந்து பணத்தை எடுத்துச் சென்ற வழக்கில், அவர் முன்னைய தீர்ப்பை உறுதிசெய்தார். ஆயினும் அங்கே, பாங்கு வெறும் தனிமனிதர் வியாபாரத்தையும் தனி லாபத்தையும் பிரதான நோக்கமாகக் கொண்டிருந்தால் ராஜ்யத்தின் வரிக்கு உட்பட்டே தீரும் என்றும், பொதுக் காரியத்துக்காகப் படைக்கப்பட்டதனாலேயே அதற்கு விலக்கு என்றும் விளக்கினார். அதே ஆண்டில் ஜார்ஜியாவின் பிளான்டர்ஸ் பாங்கு வழக்கில், ஜார்ஜியா ராஜ்யமே பங்குதாரராக இருந்த ஒரு பாங்கின்மீது வழக்குத் தொடரலாமா என்ற கேள்வி வந்தபோது, ஒரு சர்க்கார் வியாபாரக் கம்பெனியில் கூட்டாளியாகச் சேரும்போது அக்கம்பெனியின் காரியங்களைப் பொறுத்தவரை தன் ராஜரீகத் தன்மையைக் களைந்து வைத்துவிட்டு ஒரு சாதாரணப் பிரஜையின் நிலையை ஏற்கிறது என்று கூறினார். வழக்குத் தொடரும் உரிமையைப் பற்றிச் சொல்லப்பட்டதாயினும், நம் நாட்டின் இருபதாம் நூற்றாண்டுத் தீர்ப்புகள் சுற்றிச்சுற்றி வந்து சேர்ந்த கருத்து இதுவேயாகும்.

மார்ஷலுக்குப் பின் வந்தவர்கள் விலக்கின் எல்லையை அளவுக்கு மீறி விரித்தார்கள். 1842-இல் சமஷ்டியின் உத்தியோகஸ்தர் ஒருவர்மீது ராஜ்யம் வரி விதிக்கக் கூடாதென்றும், 1871-இல் மாசசூசெட்ஸ் ராஜ்யத்தின் நீதிபதி ஒருவரின் சம்பளத்தின்மீது சமஷ்டி வருமான வரி விதிக்கக் கூடாதென்றும் தீர்ப்புகள் பிறந்து, அயலாரெல்லாம் செலுத்தும் வரியைச் சர்க்கார் சம்பளக்காரர் மட்டும் செலுத்தாத விபரீதம் ஏற்பட்டது. 1928-இல் நீதிபதி ஹோம்ஸ், இந்த நீதிமன்றம் அமர்ந்திருக்கும் வரையில் வரி விதிக்கும் அதிகாரம் அழிக்கும் அதிகாரம் ஆகிவிடாது என்று மாறுபட்டு எழுதினார். 1939-இல் 1871-ஆம் வருஷத் தீர்ப்பு கைவிடப்பட்டது. மார்ஷலின் கடைசிப் பாராவைக் கவனித்திருந்தால் அந்த நீண்ட சுற்றுவழி அவசியப்பட்டிராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மாற்றுப் பாதையொன்றைக் கானடா காட்டியது. கியூபெக் மாகாணம் 1882-இல் வியாபாரக் கார்ப்பொரேஷன்கள்மீது விதித்த வரியை, மான்ட்ரீலில் கிளை வைத்திருந்த டொரான்டோ பாங்கு எதிர்த்தது. மாகாணம் ஒரு பாங்கின்மீது வரி விதிக்க விட்டால் அதை நசுக்கவும் கூடும் என்ற மார்ஷலின் வாதம் லண்டனில் பிரிவி கௌன்சில் முன் எடுத்துரைக்கப்பட்டபோது, சாசனம் தெளிவாகக் கொடுத்துள்ள ஓர் அதிகாரத்தை, அது துஷ்பிரயோகம் செய்யப்படலாம் என்ற காரணத்துக்காக மறுக்க முடியாதென்று 1887-இல் அக்கௌன்சில் முடிவு கட்டியது. கானடாவின் 1867-ஆம் வருஷச் சட்டத்திலேயே, டொமினியனின் சொத்துக்கும் மாகாணத்தின் சொத்துக்கும் ஒன்றின்மீது மற்றொன்று வரி விதிக்கக் கூடாதென்று 125-ஆம் பிரிவு எழுத்திலே கூறியிருந்தது. எழுதப்பட்ட விலக்கு இருக்கும்போது எழுதப்படாத விலக்கை நீதிமன்றம் ஊகித்துச் சேர்க்க வேண்டியதில்லை என்பது அதன் பயன். நம் நாடு பின்பற்றியதும் இந்த வழியைத்தான்.

அக்காலத்து இந்தியாவில் இத்தகைய விவகாரம் நீதிமன்றம் ஏறுவதற்கு இடமே இருக்கவில்லை. 1860-இல் ஜேம்ஸ் வில்ஸன் கல்கத்தாவிலிருந்து வருமான வரியைக் கொண்டுவந்தபோது, சென்னை கவர்னராக இருந்த ஸர் சார்லஸ் டிரவெல்யன், அவ்வரி சென்னை மாகாணத்துக்குப் பொருந்தாதென்று எதிர்த்துத் தம் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளியிடவும் செய்தார். அதற்காக அவர் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். மத்திய சர்க்காருக்கும் மாகாணத்துக்கும் இடையே நடந்த வரித் தகராறு, ஒரு நியாய ஸ்தலத்தின் தீர்ப்பால் அன்றி, மேலதிகாரியின் ஆணையால் தீர்ந்தது. நீதிபதி நடுவில் அமர்ந்து தராசு பிடிக்கும் நிலை ஏற்பட நாம் 1935-ஆம் வருஷச் சட்டம் வரையில் காத்திருக்க நேர்ந்தது.

அந்தச் சட்டத்தின்கீழ் பிறந்த பெடரல் கோர்ட்டின் முதல் விவகாரமே வரியைப் பற்றியது. மத்திய மாகாணமும் பேராரும் பெட்ரோல் விற்பனைமீது 1938-இல் விதித்த வரி, மத்திய சர்க்காருக்கே உரிய எக்ஸைஸ் அன்று, மாகாணத்துக்கு உரிய விற்பனை வரியே என்று பிரதம நீதிபதி மாரிஸ் குவையரும் சுலைமானும் ஜெயகரும் முடிவு செய்தார்கள். ராஜாஜியின் மந்திரிசபை 1939-இல் இயற்றிய சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டமும், எண்ணெய் வியாபாரிகளான போட்டு பைடன்னா கம்பெனியாரின் வழக்கில் 1942-இல் அதே கோர்ட்டிலும், வேறொரு வழக்கில் 1945-இல் பிரிவி கௌன்சிலிலும் நிலைபெற்றது. பிறருடைய சாசனத்துத் தீர்ப்புகளை நம் சட்டத்தின்மேல் அப்படியே ஏற்றிவிடலாகாதென்று குவையர் எச்சரித்தது அக்காலத்துக்கு மிகப் பொருத்தமான உபதேசம்.

1950-இல் நம் அரசியல் சாசனம் இரு பக்கமும் எழுத்திலே வேலி கட்டியது. யூனியனின் சொத்துக்கு ராஜ்யமோ அதன் கீழுள்ள ஸ்தல ஸ்தாபனமோ வரி விதிக்கக் கூடாதென்று, பார்லிமெண்டு சட்டத்தால் வேறுவிதமாக ஏற்பாடு செய்தாலன்றி, 285-ஆம் ஷரத்து கூறுகிறது. ராஜ்யத்தின் சொத்துக்கும் வருமானத்துக்கும் யூனியன் வரி விதிக்கக் கூடாதென்று 289-ஆம் ஷரத்து கூறி, ராஜ்யம் நடத்தும் வியாபாரத்தின்மீது மட்டும் பார்லிமெண்டு சட்டம் செய்து வரி போடலாமென இடம் விடுகிறது. 1963-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, ராஜ்யம் இறக்குமதி செய்யும் சரக்கின்மீது சுங்க வரி விதிக்கலாமா என்று ஜனாதிபதி கேட்டதற்கு, ஐவருக்கு நால்வர் என்ற நெருங்கிய கணக்கில், விதிக்கலாம் என்றே பதிலளித்தனர்.

விலக்கின் எல்லை எதுவரை செல்லும் என்பதைத் தெளிவாகக் காட்டிய வழக்குகள் இரண்டு, இரண்டும் ஐதராபாத்தில் முளைத்தவை, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிற்பவை. முதலாவது ஆந்திரப் பிரதேச ரோடு டிரான்ஸ்போர்ட் கார்ப்பொரேஷனுடையது. 1950-ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் 1958-இல் அமைந்த அக்கார்ப்பொரேஷன், தன் வருமானம் ராஜ்யத்தின் வருமானமே, ஆகவே மத்திய சர்க்கார் அதன்மீது வருமான வரி கேட்கலாகாது என்று வாதித்தது. கஜேந்திரகட்கர் தலைமையில் அரசியல் சாசன பெஞ்சு 1964-இல் அதை மறுத்தது. சட்டத்தால் பிறந்த கார்ப்பொரேஷன் தனக்கெனச் சொத்தும் நிதியும் வழக்காடும் உரிமையும் உடைய தனி வியக்தி; ராஜ்யம் அதைப் படைத்தது என்பதாலும், அதன் மிச்சப்பணத்தில் ராஜ்யத்துக்குப் பாத்தியம் உண்டென்பதாலும் அதன் வருமானம் ராஜ்யத்தின் வருமானமாகிவிடாது என்பது அத்தீர்ப்பு. அன்று அந்தத் தர்க்கத்தால் பயன் பெற்றது மத்திய சர்க்கார்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே அளவுகோல் மத்திய சர்க்காரின் பக்கம் திரும்பியது. ஆந்திரப் பிரதேசத்தின் 1963-ஆம் வருஷ விவசாயமல்லாத நிலங்களின் தீர்வைச் சட்டம், ஐதராபாத்து மக்கள் நாலா என்று சொல்லிப் பழகிய வரி, ஊரின் ஜனத்தொகையையும் நிலத்தின் உபயோகத்தையும் ஒட்டித் தொழிற்சாலைக்கும் கடைக்கும் குடியிருப்புக்கும் விகிதம் வகுத்திருந்தது. தன் பங்குகள் முழுவதும் மத்திய சர்க்காருக்கே சொந்தமாகையால் தனக்கு 285-ஆம் ஷரத்தின் பாதுகாப்பு உண்டென்பது ஈ.சி.ஐ.எல்லின் வாதம். இந்த வாதத்துக்கு ஏற்கனவே கோர்பா நிலக்கரிப் பிரதேசத்து வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் பிரதம நீதிபதி சந்திரசூட் விடையளித்திருந்தார்: கம்பெனியின் மூலதனம் முழுவதும் சர்க்காருடையதாயினும், சொத்து கம்பெனியுடையதே. 1999-இல் சுப்ரீம் கோர்ட்டு அதையே ஈ.சி.ஐ.எல்லுக்கும் கூறியது. கம்பெனி வேறு, பங்குதாரர் வேறு. பங்குதாரர் ஒருவரே ஆனாலும், அந்த ஒருவர் மத்திய சர்க்காரே ஆனாலும், வேற்றுமை வேற்றுமைதான் என்று தீர்ப்பாயிற்று. லண்டனில் தோல் வியாபாரி ஆரன் சாலமனின் வழக்கில் 1897-இல் பிரபுக்கள் சபை நிலைநாட்டிய கம்பெனிச் சட்டத்தின் மூலசூத்திரம், இவ்விதமாகச் சமஷ்டியின் எல்லைக்கோட்டை வரையும் கருவியாயிற்று.

ஐந்தில் ஒரு பங்கே சர்க்காருடையதாயிருந்த பால்டிமோர் பாங்குக்கு விலக்கு. முழுப்பங்கும் சர்க்காருடையதான ஐதராபாத்துக் கம்பெனிக்கு விலக்கு இல்லை. இவற்றை எதிரெதிரே வைத்துப் பார்ப்பவருக்கு நம் நீதிமன்றம் மார்ஷலுக்கு நேர்மாறாகப் போய்விட்டதுபோலத் தோன்றலாம். நான் அவ்வாறு கருதவில்லை. மார்ஷல் கேட்டது, எந்தக் காரியத்துக்காக அந்த ஸ்தாபனம் இருக்கிறது என்பதை. நம்மவர் கேட்டது, சொத்து யாருடையது என்பதை. நம் சாசனம் சொத்தைப் பற்றியே பேசுவதால், நம் நீதிபதிகள் வேறு கேள்வியைக் கேட்டிருக்கவும் முடியாது. பலனைப் பார்த்தாலோ, எல்லா நிலங்களோடும் சேர்ந்து பொதுவாக விதிக்கப்பட்ட ஒரு நிலவரியை மார்ஷலும் அனுமதித்தே இருப்பார். அவருடைய கடைசிப் பாரா ஏ.எஸ்.ராவ் நகரை அடுத்த அந்நிலத்துக்கு எழுத்துப் பிசகாமல் பொருந்துகிறது. தேசத்துக்காக உழைக்கும் ஸ்தாபனத்தின்மீது இந்தப் பாரம் ஏன் என்று மனம் நோகிறவர்கள், அதே தெருவில் ஓய்வூதியத்தை நம்பி வீட்டுவரி கட்டும் அதன் பழைய தொழிலாளியை நினைத்துப் பார்க்க வேண்டும். அவனும் தேசத்துக்காகவே உழைத்தவன்.

ஆனால் சொத்து யாருடையது என்ற கேள்வியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ஒரு குறை நேர்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஈ.சி.ஐ.எல்லுக்கு அண்டையிலேயே அணு எரிபொருள் வளாகம் இருக்கிறது. அதுவும் அணுசக்தி இலாகாவைச் சேர்ந்ததுதான். ஆனால் கம்பெனியாகப் பதிவாகாமல், இலாகாவின் நேரடி அங்கமாகவே நடப்பது. ஆகவே அதன் சொத்து யூனியனின் சொத்து. 285-ஆம் ஷரத்தின் விலக்கு அதற்கு உண்டு. ஒரே மந்திரியின் பொறுப்பில், ஒரே சாலையை உபயோகித்து நிற்கும் இரு ஸ்தாபனங்களுள் ஒன்று வரி செலுத்தக் கடமைப்பட்டதாகவும் மற்றொன்று விலக்குப் பெற்றதாகவும் இருப்பதற்குக் காரணம், கம்பெனிப் பதிவாளரிடம் ஒன்று பதிவானதும் மற்றொன்று பதிவாகாததுமே. சட்டப்படி இது சரி. ஊராட்சியின் கண்ணோட்டத்தில், குப்பை அள்ளவும் சாக்கடை பராமரிக்கவும் விளக்கெரிக்கவும் ஆகும் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

இக்குறையை நிரப்பவே, யூனியனின் சொத்துக்களுக்கு வரிக்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு நிர்வாக உத்தரவுகளின் மூலம் 1950-களிலிருந்து வழங்கிவருகிறது. ராஜ்கோட் மாநகராட்சியின் வழக்கில் 2009-இல் சுப்ரீம் கோர்ட்டு முன் கண்ட உடன்பாட்டின்படி, நகராட்சியின் சேவைகளை முழுவதும் பெறும் சொத்து, பிறர் செலுத்தும் சொத்துவரியில் 75 சதவீதமும், ஓரளவு பெறுவது 50 சதவீதமும், ஏதும் பெறாதது மூன்றில் ஒரு பங்கும் செலுத்த வேண்டும். நல்ல ஏற்பாடுதான்; எனினும் அது உடன்பாட்டையும் சுற்றறிக்கையையும் நம்பி நிற்பது, சட்டத்தின் பலத்தால் நிற்பதன்று. கட்டணம் தாமதமானால், வரிபாக்கிக்குள்ள அதிகாரங்களைக் கொண்டு வசூலிக்க நகராட்சிக்கு வழி இல்லை.

அமெரிக்காவின் அணுசக்தி நகரங்களில் இதே சங்கடம் தோன்றியபோது அந்நாட்டார் நீதிமன்றத்தோடு நின்றுவிடவில்லை. டென்னஸி ராஜ்யத்தின் ஓக் ரிட்ஜில் அணுசக்திக் கமிஷனின் ஒப்பந்தக்காரர்கள் வாங்கும் பொருள்மீது ராஜ்யம் விற்பனை வரி விதிக்கக் கூடாதென்று 1952-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியதும், அதற்கு ஆதாரமான சட்ட வாசகத்தைக் காங்கிரஸ் மறு ஆண்டே நீக்கிவிட்டது; கமிஷனின் சொத்துக்களுக்கு வரிக்கு ஈடாக ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பணம் செலுத்தவும் சட்டத்திலேயே அதிகாரம் வைத்திருந்தது. 1982-இல் நியூ மெக்ஸிகோவின் அணு ஆராய்ச்சி ஒப்பந்தக்காரர்களும் ராஜ்ய வரிக்கு உட்பட்டவர்களே என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்தது. தேசத்தின் ரகசியங்களைக் காக்கும் கூடங்களே இதனால் நலிவுறவில்லை என்பதை அனுபவம் காட்டியிருக்கிறது.

நம் 285-ஆம் ஷரத்தும் பார்லிமெண்டின் கையில் இதே சாவியைக் கொடுத்தே வைத்திருக்கிறது. யூனியனின் இலாகாக்கள் நேரடியாக நடத்தும் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும், அண்டை நிலங்கள் செலுத்துவதற்குச் சமமாக, தனித்துப் பொறுக்கப்படாமல், ஸ்தல ஸ்தாபனங்களுக்கு வரியோ வரிக்கு ஈடான தொகையோ செலுத்தக் கடமைப்பட்டவை என்று பார்லிமெண்டு ஒரு சிறு சட்டம் இயற்றினால் போதும். சாசனத்தைத் திருத்த வேண்டியதில்லை, புதிய நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் தேவையில்லை. இந்தச் சட்டத்தைக் கோரும் பொறுப்பு ராஜ்ய சர்க்கார்களுக்கு மட்டுமன்று, தங்கள் தெருவின் வரியைத் தவறாமல் செலுத்திவரும் ஒவ்வொரு நகரத்து வாக்காளருக்கும், அவர்கள் டில்லிக்கு அனுப்பும் அங்கத்தினருக்கும் உண்டு. அவர்கள் அதைக் கேட்க வேண்டும்.